கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்துட்டு கார் ரேஸ் ஓட்டணும்னா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மார்த்தாண்டம் பக்கம் பட்டறை வச்சிருக்கேன், சீசன் நேரத்துல ஒரு ரேஸ் டீமுக்கு மெக்கானிக்கா கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போவேன். இது ஊருக்குள்ள தெரிஞ்சதுலேருந்து ஆயில் மாத்த வாற பையன்ல தொடங்கி கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி சந்தேகந்தான். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சாச்சு, அதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்விய எழுதி கீழ பதில் போட்டிருக்கேன். மேலேருந்து வாசிச்சுட்டு வாங்க, முன்னாடி சொன்னத பின்னாடி திரும்பச் சொல்லல.

அண்ணே, வீல்-டு-வீல் வீல்-டு-வீல்னு சொல்றீங்களே, அதுவும் ராலியும் ஒண்ணு தானே?

இல்ல. ராலியில ஒவ்வொரு வண்டியா இடைவெளி விட்டு அனுப்புவாங்க, உங்க போட்டி கடிகாரத்தோட. ஆட்டோகிராஸ், டைம் அட்டாக் எல்லாமும் அப்படித்தான், நேரம் கொறைஞ்சவன் ஜெயிச்சான். வீல்-டு-வீல்ல வரிசையா நிறுத்தி வச்சு, சிவப்பு லைட்டு அணைஞ்ச உடனே எல்லா வண்டியும் ஒண்ணா கிளம்பும். மொத வளைவுல ஒரு கார் போற அகலத்துக்கு மூணு பேரு மூக்க நீட்டுவான்.

அதனால ரெண்டு வேலை. ஒண்ணு உங்க வண்டிய வேகமா ஓட்டுறது, இன்னொண்ணு சுத்தி இருக்கவன் அடுத்த செகண்டு எங்க இருப்பான்னு கணக்கு போடுறது. நம்ம பசங்க நெறைய பேரு மொத வேலைய மட்டும் நெனச்சுட்டு வாறாங்க. ரேஸ்ல வண்டிய நொறுக்குறது முக்காவாசி ரெண்டாவது வேலை தெரியாதவன் தான்.

நம்ம மாவட்டத்துல டிராக் எதாவது உண்டுமா? பக்கத்துல எங்க போவணும்?

மாவட்டத்துல கிடையாது. பக்கம்னு பாத்தா கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே. கரிவர்தன்னு ஒருத்தர், மாருதி 800 எஞ்சின வச்சு ஒத்தை சீட்டு ரேஸ் காரு உண்டாக்கி இந்தியாவுல கொஞ்சம் சாதாரண ஆளுங்களும் ரேஸ் ஓட்ட வழி பண்ணுனவரு, 1995-ல விமான விபத்துல எறந்துட்டாரு, அவரு பேர்ல உள்ள டிராக் அது. சுமார் 2.1 கிலோமீட்டர், சின்னது, ஆனா படிக்கிறதுக்கு ரொம்ப நல்லது, ஏன்னா ஒரு தப்பு பண்ணுனா அடுத்த நிமிசமே அதே வளைவு திரும்ப வந்துரும், அங்கேயே திருத்திக்கலாம்.

அடுத்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில உள்ளது, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடது, 1990-லேருந்து நடக்கு, சுமார் 3.7 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல தான் ரேஸ் நடந்துச்சு, வயசானவங்ககிட்ட கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. மூணாவது டெல்லி பக்கத்துல கிரேட்டர் நொய்டாவுல உள்ள புத் சர்க்யூட், 2011-லேருந்து 2013 வரைக்கும் ஃபார்முலா ஒன் நடந்த இடம். நமக்கு மொத ரெண்டும் போதும். நாகர்கோவில்லேருந்து கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் ராத்திரி ரயில் உண்டு, டிராக்குக்கு போற அன்னைக்கு ராத்திரி முழுக்க காரு ஓட்டிட்டு போயி தூக்கக் கலக்கத்தோட ஹெல்மெட் மாட்டாதீங்க.

அவ்வளவு தூரம் எதுக்கு? காவல்கிணறு ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு காலியா தான கெடக்கு, அங்க பழகுனா ஆவாதா?

ஆவாது. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுப்படி பொது ரோட்டுல ரேஸ் விட்டா மொத தடவை மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம், அடுத்த தடவை பிடிச்சா ஒரு வருசம், 10,000 ரூவான்னு ஏறும். சட்டத்த விடுங்க, முப்பந்தல் கிட்ட ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து குறுக்க அடிக்கும்போது வண்டி எப்படி நகரும்னு அந்தப் பக்கம் போனவனுக்கு தெரியும். நடுவுல மாடு, எதுக்க வாறவன், லைட்டு போடாம நிக்கிற டிப்பர்.

இன்னொரு சங்கதி, ரோட்டுல பழகுனா ரேஸுக்கு வேண்டியது எதுவும் வராது. நேர் ரோட்டுல ஆக்சிலேட்டர் மிதிக்க யாருக்கும் தெரியும். டிராக்குல நேரம் கெடைக்கிறது பிரேக் பிடிக்கிற இடத்துலயும் வளைவுலயும் தான், அத ஒரே வளைவுல அம்பது தடவை, தப்பு பண்ணுனா மண்ணுல போயி நிக்க எடம் உள்ள இடத்துல தான் படிக்க முடியும். ரோட்டுல தப்பு பண்ணுனா எங்க போயி நிப்பீங்க?

வயசு எவ்வளவு ஆவணும்? எனக்கு 34, ரெண்டு பிள்ளை இருக்கு, இனி முடியுமா?

பிள்ளைங்க கார்ட்டிங்க எட்டு வயசுலேயே தொடங்குவாங்க, உலக ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ஃபார்முலா 4-க்கு (ஒத்தை சீட்டு காருல ஆரம்பப் படி) 15 வயசு ஆவணும். ஃபார்முலா ஒன் போவணும்னு கேட்டா 34-ல இல்ல, 14-லயே நேரம் போயிட்டுன்னு தான் சொல்லணும். ஆனா அமெச்சூரா ஓட்டுறதுக்கு மேல் வரம்புன்னு ஒண்ணும் இல்ல, உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா போதும். நடிகர் அஜித் 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸுக்கு டீமோட போகும்போது வயசு 53, அவரு டீமு போர்ஷே காருங்களுக்கான 991 பிரிவுல மூணாவது வந்துச்சு. அதுக்கு உள்ள காசு நம்மகிட்ட இல்லங்கது வேற விசயம், வயசு தடை இல்லங்கதுக்கு சொன்னேன்.

லைசென்ஸ் ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்கிறதா, வேற எங்கயாவதா?

வேற. இந்தியாவுல மோட்டார் ரேஸுக்கு தலைமை அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ, சென்னையில இருக்கு, உலக அமைப்பான எஃப்ஐஏ ஒத்துக்கிட்டது. அங்க போட்டி லைசென்ஸ் எடுக்கணும். ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், டாக்டர் சான்றிதழ், ரத்த வகை, 18-க்கு கீழன்னா அப்பா அம்மா சம்மதக் கடிதம் இதெல்லாம் கேப்பாங்க. வருசா வருசம் புதுப்பிக்கணும்.

ஒரு கெஞ்சல்: டாக்டர் சான்றிதழ தெரிஞ்ச கிளினிக்குல டீ குடிச்சுட்டே வாங்கிட்டு வராதீங்க. கண்ணு, பிரஷர், சுகர் எல்லாம் ஒழுங்கா பாத்து வாங்குங்க. ரத்த வகை காருலயும் ரேஸ் சூட்டுலயும் (ஓட்டுறவன் போடுற உடுப்பு) எழுதி ஒட்டுவாங்க, அது தப்பா இருந்தா என்ன ஆவும்னு நான் சொல்ல வேண்டாம்.

பழைய ஸ்விஃப்ட் ஒண்ணு வெலைக்கு வருது, அத வாங்கி ரேஸ் காரா மாத்துனா எப்படி?

வாங்காதீங்க. இத தான் நான் தெனமும் சொல்றேன், யாரும் கேக்க மாட்டேங்காங்க. என் பட்டறையில அந்த வேலைய செஞ்சா எனக்கு தான் காசு, இருந்தும் வேண்டாம்ங்கேன்.

கணக்கு பாருங்க. ரோட்டுக் காரு ரேஸ்ல ஓடணும்னா உள்ள உள்ளத எல்லாம் பிடுங்கிட்டு ரோல் கேஜ் (கவுந்தா ஆள் நசுங்காம இருக்க உள்ள போடுற குழாய்க் கூடு) வெல்டு பண்ணணும், அதுக்கு குழாய் என்ன கனம், எங்க எங்க பிடிக்கணும்னு ரூல் புத்தகம் இருக்கு, நம்ம ஊரு கேட்டு கிரில் அடிக்கிறவங்க நல்ல வேலைக்காரங்க தான், ஆனா அந்தக் குழாயும் அந்த வெல்டும் ஸ்க்ரூட்டினியில (ரேஸுக்கு முன்னாடி வண்டிய பாக்குற சோதனை) பாஸ் ஆவாது, ஆனாலும் கவுந்தா தலைய காப்பாத்தாது. அப்புறம் பக்கெட் சீட்டு, ஆறு பாயிண்டு பெல்ட்டு, தீயணைப்பான், வெளியேருந்து கரண்டு துண்டிக்கிற கட்-ஆஃப் சுவிட்சு, சஸ்பென்ஷன், பிரேக்கு. இவ்வளவும் பண்ணுனா அந்த வண்டி இனி ரோட்டுல ஓடாது, வண்டியோட அமைப்ப மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல இருக்கு. அப்பம் ஒவ்வொரு தடவையும் லாரியில ஏத்தி மார்த்தாண்டத்துலேருந்து கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கொண்டு போவணும்.

இவ்வளவு காசையும் போட்டு முடிச்சு பாத்தா, டிராக்குல ஓட்டப் பழக கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது. வேகம் வண்டியில இல்ல, நீங்க டிராக்குல உக்காந்த மணி நேரத்துல தான் இருக்கு. டீமுங்க காரு வாடகைக்கு குடுக்காங்க, மெக்கானிக்கு, டயரு, லாரி எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, நீங்க ஹெல்மெட்டோட ரயில்ல போயி எறங்குனா போதும். ரெண்டு மூணு சீசன் அப்படி ஓட்டிட்டு, அப்பவும் சொந்தமா காரு வேணும்னு தோணுனா அன்னைக்கு வாங்க, கேஜ் எங்க போடணும்னு நானே சொல்லித் தாறேன்.

அப்பம் எங்கேருந்து தான் தொடங்கணும்?

கார்ட்டிங். சின்னப் பிள்ளை வெளையாட்டுன்னு சிரிப்பாங்க, சிரிச்சவன ஒரு நல்ல ரேஸிங் கார்ட்டுல பத்து ரவுண்டு ஓட்டச் சொல்லுங்க, எறங்கும்போது கை நடுங்கும். சஸ்பென்ஷன் கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, டயரு என்ன சொல்லுதுன்னு நேரா முதுகுல தெரியும். பக்கத்துல ஆள் இருக்கும்போது நிதானமா ஓட்டவும் கம்மி செலவுல அங்க தான் படிக்க முடியும். திருவனந்தபுரம், கொச்சி பக்கம் வேலையா போனா வாடகைக் கார்ட்டு கெடைக்குற எடத்துல எறங்கி ஓட்டிப் பாருங்க, சென்னை இருங்காட்டுக்கோட்டையிலயே இப்பம் நல்ல கார்ட்டிங் டிராக் இருக்கு.

அதுக்கப்புறம் ரேஸிங் ஸ்கூலு. கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் டிராக்குலயே வச்சு டீமுங்க நடத்துறது, ஒரு நாள் ரெண்டு நாள் பயிற்சி. காலையில கொடி, வளைவுக் கோடு (வளைவுல வண்டி போவ வேண்டிய வழி), பிரேக் பாயிண்டு எல்லாம் போர்டுல எழுதி சொல்லிட்டு பொறவு காருல ஏத்துவாங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க: எனக்கு டிராக்குல எத்தனை ரவுண்டு கெடைக்கும், ஓட்டுனத ரெக்கார்டு பண்ணி டேட்டா காட்டுவீங்களா? சான்றிதழும் குரூப் போட்டோவும் மட்டும் தாறவங்கள விட்டுருங்க.

மொத ரேஸுக்கு எந்தக் கிளாஸு சரி?

எல்ஜிபி ஃபார்முலா 4 தான் நம்ம நாட்டுல புதுசா வாறவங்களுக்கு வழக்கமான வாசல், முன்னாடி சொன்ன எஃப்ஐஏ ஃபார்முலா 4 வேற, இது வேற. ஒத்தை சீட்டு, 1300 சிசி மாருதி எஞ்சின், எல்லாருக்கும் ஒரே மாதிரி காரு, ஒரே டயரு. அதனால தோத்தா காருமேல பழி போட முடியாது, இது நல்லதுன்னு தான் நான் சொல்லுவேன். ஜேகே டயர் சாம்பியன்ஷிப்புல புது ஆளுங்களுக்குன்னே நோவிஸ் கப்புன்னு ஒண்ணு இதே மாதிரி காருல நடத்துறாங்க, மொத வருசம் அதுல நின்னா கூட ஓட்டுறவனும் புதுசு தான், பயம் கொறையும். சென்னையில எம்ஆர்எஃப் ஆதரவுல நடக்கிற தேசிய சாம்பியன்ஷிப்புலயும் எல்ஜிபி 1300 வகுப்பு உண்டு.

கூரை உள்ள காரு தான் வேணும்னா டூரிங் கார் வகுப்புங்க இருக்கு. ஆனா அங்க ஒவ்வொருத்தன் வண்டியும் ஒவ்வொரு விதம், எஞ்சின் வேலைக்கு காசு கொட்டுனவன் முன்னாடி போவான். மொத வருசத்துக்கு வேண்டாம்.

செலவு எவ்வளவுன்னு நேரா சொல்லுங்க அண்ணாச்சி, சுத்தி வளைக்காம.

லட்சக் கணக்குல ஆவும், ஆயிரத்துல முடியாது. டீமுக்கு டீம், வருசத்துக்கு வருசம் தொகை மாறும், அதனால நான் ஒரு நம்பர் எழுதி நீங்க அத பிடிச்சுட்டு நிக்க வேண்டாம். எதுக்கெல்லாம் காசு போவும்னு சொல்றேன்: டீமு காருக்கு வாடகை, என்ட்ரி ஃபீஸ், டயரு, பெட்ரோலு, பிராக்டிஸ் நாளுக்கு தனி, சூட்டு ஹெல்மெட்டு, நமக்கு கூடுதலா ரயிலும் லாட்ஜும். அப்புறம் டேமேஜ் டெபாசிட், அதாவது காரு ஒடைஞ்சா பிடிச்சுக்க முன்னாடியே வாங்கி வைக்கிற காசு. இத தான் யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க. டீமுகிட்ட விலை கேக்கும்போது எது உள்ளடக்கம், எது தனின்னு எழுத்துல வாங்குங்க. மூக்குக் கூடு ஒடைஞ்சா எவ்வளவு, முன் சஸ்பென்ஷன் போனா எவ்வளவுன்னு பட்டியலே வச்சிருக்காங்க, அதையும் கேளுங்க.

சீட்டுப் பணம் எடுத்தோ வட்டிக்கு வாங்கியோ ரேஸ் ஓட்டாதீங்க. இதுல காசு திரும்ப வராது, ஜெயிச்சாலும் வராது. கடன் வாங்கிட்டு வந்தவன் வளைவுல பயந்து ஓட்டுவான், பயந்து ஓட்டுறவன் தான் இடிக்கான்.

ஸ்பான்சர் கெடைக்குமா?

மொத வருசம் கெடைக்காது. உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடைக்காரங்ககிட்ட போனா காருல ஸ்டிக்கர் ஒட்டுறேன்னு மட்டும் சொல்லாதீங்க, செட்டிபாளையத்துல ஓடுற காருல உள்ள ஸ்டிக்கர மார்த்தாண்டத்துல எவன் பாப்பான்? காருக்கு பதிலா நீங்களே சூட்டு போட்டு கடையில பண்டிகை அன்னைக்கு நிக்கேன், பிள்ளைங்களுக்கு போட்டோ எடுக்க விடுறேன், உங்க பேரு போட்டு வீடியோ போடுறேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு என்ன கெடைக்கும்னு தெரிஞ்சா கொஞ்சமாவது தருவாங்க.

பைக்குக்கு வாங்குன நல்ல ஹெல்மெட் இருக்கு, பத்தாயிரம் ரூவா. அது போதும்ல?

போதாது, விலையில இல்ல விசயம். ஹெல்மெட்ட சோதிக்கிற ஸ்னெல் அமைப்போட முத்திரையில எம்னு இருந்தா மோட்டார் சைக்கிளுக்கு, கேன்னு இருந்தா கார்ட்டிங்குக்கு, எஸ்ஏன்னு இருந்தா தான் கார் ரேஸுக்கு. எஸ்ஏ ஹெல்மெட்டுல உள்துணி சீக்கிரம் தீப்பிடிக்காது, ரோல் கேஜ் குழாயில திரும்பத் திரும்ப மோதுனா தாங்குமான்னும் சோதிச்சிருப்பாங்க, பைக் ஹெல்மெட்டுக்கு இந்த ரெண்டு சோதனையும் கிடையாது. எஸ்ஏ2020, இல்லன்னா எஃப்ஐஏ 8859-2015 முத்திரை பாத்து வாங்குங்க. எந்த வருச முத்திரை வரைக்கும் ஒத்துக்குவாங்கன்னு அந்த சீசன் ரூல்ல இருக்கும், பாத்துட்டு காசு குடுங்க.

அதோட கழுத்துக்கு ஹான்ஸ், தலை முன்னால வீசாம ஹெல்மெட்ட பிடிச்சு வைக்கிற சாதனம். வண்டி திடீர்னு நிக்கும்போது உடம்ப பெல்ட் பிடிச்சுக்கும், தலைய எதுவும் பிடிக்காது, அது முன்னால போற வேகத்துல மண்டையோட்டு அடி எலும்பு ஒடையும். ஹான்ஸ் அத தடுக்கதுக்கு உள்ளது, ஃபார்முலா ஒன்னுலேயே 2003-லேருந்து கட்டாயம். சூட்டு எஃப்ஐஏ 8856 முத்திரை உள்ள நோமெக்ஸ்ங்கிற தீ தாங்குற துணி. உள்ள போடுற பனியனும் பாலியஸ்டரா இருக்கக் கூடாது, தீ வெக்கையில உருகி தோல்ல ஒட்டும். ஸ்கூல்லயும் டீமுலயும் சூட்டு வாடகைக்கு தருவாங்க, ஆனா ஹெல்மெட் மட்டும் சொந்தமா வாங்குங்க, அதுவும் புதுசா. அடுத்தவன் கீழ போட்டதா இல்லையான்னு வெளிய பாத்து தெரியாது.

கொடி எத்தனை இருக்கு, எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

பண்ணணும், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லணும். மஞ்சள் ஆட்டுனா முன்னாடி ஆபத்து, வேகத்த கொறைக்கணும், முந்தக் கூடாது. ரெண்டு மஞ்சள்னா ரோடே அடைச்சிருக்கலாம், நிக்கத் தயாரா வரணும், அங்க ஆள் எறங்கி வேலை பாத்துட்டு இருப்பான். சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தியாச்சு. மஞ்சளும் சிவப்பும் கோடு கோடா இருந்தா வழுக்கும், ஆயிலோ தண்ணியோ. வெள்ளைன்னா மெதுவா ஒரு வண்டி முன்னாடி போவுது. நீலம்னா பின்னாடி வேகமா ஒருத்தன் வாறான், ரேஸ்ல அது உங்கள ஒரு சுத்து முந்த வாறவன். கறுப்போட உங்க நம்பர காட்டுனா பிட்டுக்கு (டிராக்கோரம் டீமுங்க வண்டிய பாக்குற எடம்) வரணும், கறுப்புல ஆரஞ்சு வட்டம்னா வண்டியில கோளாறு, அதுக்கும் உள்ள வரணும். கறுப்பு வெள்ளை குறுக்கால பாதி பாதின்னா ஒழுங்கா ஓட்டுன்னு எச்சரிக்கை. பச்சை போட்டா திரும்ப ரேஸ்.

புதுசா வாறவன் நீலத்துக்கு பதறி ரோட்ட விட்டு ஒதுங்குறான், அது தான் பெரிய ஆபத்து. உங்க கோட்டுலயே ஒரே சீரா போங்க, வேகமா வாறவனுக்கு உங்கள தாண்டத் தெரியும். நீங்க எந்தப் பக்கம் சாடுவீங்கன்னு தெரியாதது தான் அவனுக்கு பிரச்சினை.

ரேஸ்ல பக்கத்துல இன்னொருத்தன் வந்துட்டான்னா வளைவு யாருக்கு?

இதுக்கு தான் மொத பதில்ல ரெண்டாவது வேலைன்னு சொன்னேன். உள்பக்கமா முந்தப் போறவன் வளைவுக்கு திரும்புறதுக்கு முன்னாடியே நல்லா பக்கத்துல வந்திருக்கணும், முன்னாடி உள்ளவன் கண்ணாடியில பாக்குற அளவுக்கு. அப்படி வந்துட்டா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு கார் அகலம் விட்டுத் தான் ஓட்டணும், யாரும் யாரையும் வெளிய தள்ளக் கூடாது. கடைசி நேரத்துல தூரத்துலேருந்து மூக்க நுழைச்சுட்டு அவன் இடிச்சான்னு சொன்னா ஸ்டூவர்டு (ரேஸ் நடுவர்) ஒத்துக்க மாட்டாரு. முன்னாடி போறவனும் நேர் ரோட்டுல எடத்த காக்க ஒரு தடவை தான் நகரலாம், அங்கயும் இங்கயும் வெட்டுனா தண்டனை.

சந்தேகமா இருந்தா விட்டுக் குடுங்க, மொத வருசம் கண்டிப்பா. அடுத்த வளைவு வந்துட்டு தான இருக்கு.

பிரேக் எப்பம் பிடிக்கணும்? எல்லாரும் என்னைய விட தாமதமா பிரேக் பிடிக்கிறதா தோணுது.

ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித் தான் தோணும். 144 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 40 மீட்டர் போவுது, கால் செகண்டு யோசிச்சா பத்து மீட்டர் போச்சு. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிச்ச பொறவு நிக்கிற தூரம் நாலு மடங்கு. அதனால கண்ணால மதிப்பு போட்டு பிரேக் பிடிக்காதீங்க, ரோட்டோரம் உள்ள தூர போர்டு, சுவர் பெயின்ட்டு, எதாவது அசையாத ஒண்ண அடையாளம் வைங்க. மொதல்ல சீக்கிரமா பிடிச்சு, ரவுண்டுக்கு ரவுண்டு ரெண்டு மீட்டர் ரெண்டு மீட்டரா தள்ளிட்டு போங்க.

மிதிக்கும்போது மொதல்ல பலமா, அப்புறம் வளைவுக்குள்ள திரும்பத் திரும்ப மெதுவா விடணும். டயரோட பிடி மாசச் சம்பளம் மாதிரி, பிரேக்குக்கே மொத்தமும் குடுத்துட்டா ஸ்டியரிங்குக்கு ஒண்ணும் இருக்காது, வண்டி நேரா போவும். நம்ம பசங்க பயத்துல வளைவு நடுவுல பிரேக்க அழுத்துவாங்க, இல்லன்னா ஆக்சிலேட்டர பட்டுன்னு விடுவாங்க, பின்னாடி சுத்திட்டு வரும்.

டிராக் டேக்கு (சொந்த வண்டிய டிராக்குல ஓட்ட விடுற நாள்) என் வண்டிய கொண்டு போனேன், நாலாவது ரவுண்டுல பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிட்டு. என்ன கோளாறு?

பிரேக் ஆயில் கொதிச்சிருக்கும். டாட் 3 புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் தாங்கும், டாட் 4 230. ஆனா அது ஈரத்த உறிஞ்சுற சாமானம், ஈரம் ஏறுன டாட் 4 155-லேயே கொதிக்கும், கொதிச்சா ஆவிக் குமிழ், குமிழ அமுக்குனா பெடல் சும்மா உள்ள போவும். நம்ம ஊரு கடல் காத்துலயும் ரெண்டு மழைக்காலத்துலயும் ஈரத்துக்கு பஞ்சமே இல்ல. டிராக்குக்கு போறதுக்கு முந்தின வாரம் சீல் ஒடைக்காத டப்பாவுல புதுசா மாத்துங்க, பாதி தீந்து அலமாரியில வச்சிருக்க டப்பா வேண்டாம். டாட் 5-ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், மத்ததோட கலக்கவே கூடாது, டாட் 5.1 வேற.

ஓடி முடிச்சுட்டு பிட்டுல வந்து நிக்கும்போது ஹேண்ட் பிரேக் போடாதீங்க, சூட்டுல டிஸ்க்கும் பேடும் ஒட்டிக்கும். கட்டை வைங்க.

இடிச்சா இன்சூரன்ஸ் குடுக்குமா?

வண்டிக்கு குடுக்காது. சாதாரண மோட்டார் பாலிசியிலேயே ரேஸ், வேகச் சோதனை இதுக்கெல்லாம் கவர் இல்லன்னு எழுதியிருக்கும், எடுத்து வாசிச்சு பாருங்க. வாடகைக் காருன்னா செலவு பத்துன பதில்ல சொன்ன டெபாசிட் கணக்குல போவும். தப்பு அடுத்தவன் மேலன்னாலும் உங்க காருக்கு நீங்க தான் குடுக்கணும், இது ரேஸ் வழக்கம், அங்க நின்னு சண்டை போடாதீங்க. ஆயுள் இன்சூரன்சும் மெடிக்கல் பாலிசியும் ஆபத்தான வெளையாட்ட சேக்குதான்னு ஏஜென்ட்டுகிட்ட வாயால கேக்காம எழுத்துல கேளுங்க. குடும்பம் உள்ளவங்க இத செஞ்சுட்டு தான் லைசென்சுக்கே எழுதிப் போடணும்.

வீட்டுல சிமுலேட்டர் வச்சு ஓட்டுறேன், அதுல நான் தான் ஃபர்ஸ்ட்டு. நேரா ரேஸுக்கு வந்தா என்ன?

சிமுலேட்டர் நல்லது, அத கேலி பண்ணுற பெருசுங்க பேச்ச கேக்காதீங்க. வளைவுக் கோடு, பிரேக் அடையாளம், பக்கத்துல ஆள் வச்சு ஓட்டுறது எல்லாம் அதுல படியும், காசும் செலவாவாது. வராதது என்னன்னா பின்பக்கம் வழுக்கும்போது முதுகுல தெரியிற அந்த அசைவு, சூட்டுக்குள்ள வேக்காடு, இடிச்சா ரீசெட் பட்டன் இல்லங்கிற நெனப்பு. அதோட வீட்டு சிமுலேட்டர்ல பிரேக்க மிதிக்கிற பலம் பெரும்பாலும் நெசக் காருக்கு காணாது. ஒரு நாள் ஸ்கூல்ல போயி பாத்துட்டு பேசுங்க.

என் மவ போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. பொம்பளப் பிள்ளைய அனுப்பலாமா தம்பி?

அனுப்பலாம் அக்கா. கார் ரேஸ்ல ஆம்பளைக்கு தனி பொம்பளைக்கு தனின்னு வழக்கமா கிடையாது, ஒரே வரிசையில தான் நிப்பாங்க. சென்னைப் பிள்ளை அலிஷா அப்துல்லா பைக்குலயும் காருலயும் ஆம்பளைங்களோட தான் ஓட்டுனா. சினேகா சர்மான்னு ஒருத்தி விமானம் ஓட்டுற பைலட்டு, இந்த எல்ஜிபி ஃபார்முலா 4-லேயே ஓட்டியிருக்கா.

பாப்பாவுக்கு 18 ஆவலன்னா சம்மதக் கடிதத்துக்கு உங்க கையெழுத்து வேணும். மொத தடவை நீங்களும் கூட வாங்க. டிராக்குல ஆம்புலன்சும் டாக்டரும் இல்லாம வண்டி ஓட விட மாட்டாங்க, அத கண்ணால பாத்தா உங்க வெப்ராளம் பாதி அடங்கும். அவ ஸ்கூட்டர்ல ஹெல்மெட் இல்லாம களியக்காவிளை போறதுக்கு நான் இத விட பயப்படுவேன்.

நான் துபாய்ல வேலை பாக்கேன், லீவுக்கு தான் ஊருக்கு வருவேன். எனக்கு வழி இருக்கா?

எங்கள விட உங்களுக்கு தான் வழி. துபாய் ஆட்டோட்ரோம், பஹ்ரைன், கத்தார்ல லுசைல், அபுதாபியில யாஸ் மரீனா எல்லாம் உலகத் தரம், துபாய்ல கார்ட்டிங்கும் அங்கேயே இருக்கு. குளிர் காலத்துல தான் அங்க சீசன். வார விடுமுறையில ரூம்ல தூங்குற நேரத்துல போயி கார்ட்டு ஓட்டிப் பழகுங்க, ஊருக்கு வரும்போது ஸ்கூல்ல ஒரு நாள் போடுங்க. லீவுல ரேஸ் வருதான்னு காலண்டர் பாத்துட்டு டிக்கெட் எடுங்க, வந்து எறங்கிட்டு என்னைய கூப்பிட்டா நான் என்ன செய்ய முடியும்?

காசு இல்ல அண்ணே, ஆனா டிராக்குக்கு உள்ள நிக்கணும்.

மார்ஷலா வாங்க. கொடி காட்டுறது, வண்டிய இழுத்து வெளிய போடுறது, தீயணைக்கிறது, இதுக்கெல்லாம் கிளப்புங்க ஆள் எடுத்து சொல்லிக் குடுத்து நிறுத்துவாங்க. வளைவுக்கு பக்கத்துல நின்னு நாள் முழுக்க பாத்தா யாரு எங்க பிரேக் பிடிக்கான், யாரு ஒழுங்கா இடம் விடுறான்னு காசில்லாம படிக்கலாம். நல்லா ஓட்டுற சிலபேரு இப்படி நின்னு பாத்து தொடங்குனவங்க தான். பாலிடெக்னிக், ஐடிஐ முடிச்ச பசங்க டீமுல ஹெல்ப்பரா சேரலாம், மொதல்ல டயரு உருட்டுற வேலை தான் தருவாங்க, மூஞ்ச தூக்காம உருட்டுங்க.

ஸ்க்ரூட்டினின்னா என்ன பாப்பாங்க? சாமி கயிறு, ஜெபமாலை தொங்க விடலாமா?

காருக்குள்ள எதுவும் தொங்கக் கூடாது, ஜெபமாலைன்னாலும் குங்குமப் பொட்டலம்னாலும். இடிச்சா அது பறந்து கண்ணுல அடிக்கும். சூட்டு உள்பையில வச்சுக்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்க. பிட்டுல டயருக்கு கீழ எலுமிச்சம்பழம் வைக்கிறத இதுவரைக்கும் யாரும் தடுக்கல.

மத்தபடி பெல்ட்டு, சீட்டு ஒவ்வொண்ணுலயும் தேதி முத்திரை பாப்பாங்க, காலாவதி ஆனா ஓட விட மாட்டாங்க, பாக்க புதுசா இருந்தாலும் சரி. பேட்டரி அசையுதா, இழுக்கிற கொக்கி இருக்கா, கட்-ஆஃப் சுவிட்சுக்கு பக்கத்துல நீல முக்கோணத்துல சிவப்பு மின்னல் ஸ்டிக்கர், தீயணைப்பானுக்கு சிவப்பு ஓரம் போட்ட வெள்ளை வட்டத்துல இங்கிலீஷ் E எழுத்து ஸ்டிக்கர். உங்க ஹெல்மெட்டும் சூட்டும் கொண்டு போயி காட்டணும். சிலசமயம் பெல்ட்டு போட்டு உக்காந்து எத்தனை செகண்டுல வெளிய வருவன்னும் பாப்பாங்க, அத வீட்டுல நாற்காலியில வச்சு பழகலாம்.

மழை பெஞ்சா ரேஸ் நிறுத்துவாங்களா?

தண்ணி தேங்கி நின்னா நிறுத்துவாங்க, சும்மா பெஞ்சா ஓடும். வெயில்ல எல்லாரும் போற கோட்டுல டயர் ரப்பர் படிஞ்சிருக்கும், காஞ்சிருந்தா அது தான் நல்ல பிடி, நனைஞ்சா அதே இடம் தான் ரொம்ப வழுக்கும். அதனால மழையில வழக்கமான கோட்ட விட்டு கொஞ்சம் வெளிய போயி பிடி இருக்கான்னு தேடணும். வளைவோரத்துல பெயின்ட் அடிச்ச கர்ப் மேல டயர் ஏறவே கூடாது. ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலேட்டர் மூணும் மெதுவா, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு. முன்னாடி போறவன் எழுப்புற தண்ணியில ஒண்ணும் தெரியாது, நேரா அவன் பின்னாடி ஒட்டாம ஒரு பக்கமா தள்ளி ஓட்டுங்க, அவன் பிரேக் பிடிச்சா போறதுக்கு எடம் இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியாத மருந்து தடவிக்கோங்க, பிட்டுல யாருகிட்டயாவது கண்டிப்பா இருக்கும், கேட்டா குடுப்பாங்க.